மாட்டுக்குப் போட்ட ஊசியும் மறைந்துபோன கழுகும்

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் உழவியல் துறை விரிவுரையாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

உழவியல் துறையிலிருந்து ஒருவர் பேச வந்திருக்கிறார் என்றால் விதையளவு, பயிர் இடைவெளி, மேலுரம், களை எடுத்தல் என்றுதான் பேசுவார் என்று எண்ணி வந்திருப்பீர்கள். அவற்றை நாளை வயல்வெளியில் நின்று பேசுவோம். இன்று ஒரு பறவையைப் பற்றியும், அந்தப் பறவையை ஏறத்தாழ இல்லாமலே ஆக்கிவிட்ட ஒரு ஊசி மருந்தைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன். அந்த ஊசியை வாங்கிப் போட்டவர்கள் நம்மைப் போன்ற மாடு வளர்ப்போர். கெட்ட எண்ணத்தில் யாரும் போடவில்லை. மாடு வலியால் துடிக்கிறதே என்ற இரக்கத்தில்தான் போட்டோம். ஆயினும் அதன் விளைவு நம் ஊர்க் குழந்தைகளின் உயிர் வரைக்கும் வந்து சேர்ந்தது என்பதை அண்மைக்கால ஆராய்ச்சிகள் படிப்படியாக எடுத்துக் காட்டியுள்ளன.

இந்த ஆராய்ச்சியைச் செய்தவர்கள் ஒரே துறையினர் அல்லர். பறவை நூலார் ஒரு பகுதியைக் கண்டனர்; கால்நடை நோய்க்கூறு அறிஞர் மறு பகுதியைக் கண்டனர்; மருத்துவத் துறையினர் வேறொரு பகுதியையும், பொருளாதார அறிஞர் இறுதிப் பகுதியையும் கண்டனர். நான்கையும் வரிசையாகச் சேர்த்துப் பார்த்தால்தான் செய்தி விளங்கும். அவ்வாறே சொல்கிறேன்.

எந்தப் பறவை?

நாம் பொதுவாகக் கழுகு என்று சொல்வதில் பல பறவைகள் அடங்கும். கோழிக்குஞ்சைத் தூக்கிச் செல்வது பருந்து. உயிருள்ள இரையை வேட்டையாடும் கழுகுகள் வேறு. நான் சொல்ல வந்தது பிணந்தின்னிக் கழுகு. இதற்குப் பாறு என்ற நல்ல தமிழ்ப் பெயர் உண்டு. தலையிலும் கழுத்திலும் இறகு குறைந்து, உயரப் பறந்து, செத்த விலங்குகளை மட்டும் தின்று வாழும் பெரிய பறவை. தமிழகத்தில் வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு ஆகியவற்றைக் காணலாம். செங்கற்பட்டு மாவட்டத்தில் திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலில் உச்சி வேளையில் இரண்டு பறவைகள் வந்து பிரசாதம் உண்டதைப் பெரியவர்கள் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். அவை மஞ்சள்முகப் பாறுகள். இப்போது அவை அங்கு வருவதில்லை.

முன்பெல்லாம் ஊரில் மாடு செத்தால் ஊர்க்கோடிக்கு இழுத்துச் சென்று போடுவது வழக்கம். தோலை உரித்துக்கொள்வார்கள். எங்கிருந்தோ பாறுகள் வந்து இறங்கும். ஐம்பது, நூறு பறவைகள் கூடினால் ஒரு பொழுதுக்குள் எலும்பு மட்டும் மிஞ்சும். இப்பறவையின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. அழுகிய இறைச்சியில் உள்ள பெரும்பாலான நோய்க் கிருமிகள் அந்த அமிலத்தில் அழிந்துவிடுகின்றன. நாய் தின்றாலும் காக்கை தின்றாலும் இவ்வளவு விரைவும் தூய்மையும் இராது.

நம் நாட்டில் இந்தப் பணி எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பாருங்கள். 2019-ம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பசுவினம் ஏறத்தாழ 19 கோடி, எருமையினம் ஏறத்தாழ 11 கோடி. இவற்றில் மிகப் பல வயதாகியும் நோயுற்றும் தாமாகவே இறப்பவை. இத்தனை பிணங்களையும் கூலி வாங்காமல் அப்புறப்படுத்தி வந்த துப்புரவுப் பணியாளர் இப்பறவைகள்.

முதலில் கண்டவர் பறவை நூலார்

இராஜஸ்தானில் பரத்பூருக்கு அருகில் கேவலாதேவ் பறவைகள் சரணாலயம் உள்ளது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் என்னும் ஆராய்ச்சியாளர் 1980-களில் அங்குப் பாறுகளின் கூடுகளைக் கணக்கெடுத்திருந்தார். அப்போது நூற்றுக்கணக்கான கூடுகள் இருந்தன. 1990-களின் பிற்பகுதியில் மீண்டும் கணக்கெடுத்தபோது கூடுகள் வெகுவாகக் குறைந்திருந்தன. மரக்கிளைகளில் கழுத்தைத் தொங்கப்போட்டபடி சோர்ந்து அமர்ந்திருந்த பறவைகள் சில நாட்களில் விழுந்து இறந்தன. தம் கணக்கை அவர் 1999-ம் ஆண்டு வெளியிட்டார்.

அதன் பிறகு நாடெங்கும் சாலை வழியே சென்று எண்ணிப் பார்த்தார்கள். 1992-ம் ஆண்டு எண்ணிக்கையோடு 2007-ம் ஆண்டு எண்ணிக்கையை ஒப்பிட்டபோது வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு குறைந்துவிட்டது தெரிந்தது. அதாவது ஆயிரம் பறவை இருந்த இடத்தில் ஒன்று. கருங்கழுத்துப் பாறும் அதன் நெருங்கிய இனமும் ஏறத்தாழ 97 விழுக்காடு குறைந்தன. பதினைந்தே ஆண்டுகளில் இவ்வளவு வேகமாக ஒரு பறவையினம் மறைந்தது உலகில் அரிது.

இதற்குக் காரணம் என்ன? உணவுக்குப் பஞ்சம் இல்லை. செத்த மாடுகள் இருந்துகொண்டேதான் இருந்தன. வேட்டையும் பெரிதாக இல்லை. ஏதோ தொற்றுநோய் பரவுகிறது, வைரசாக இருக்கலாம் என்று தொடக்கத்தில் பலரும் ஐயுற்றனர்.

காரணத்தைக் கண்டவர் கால்நடை நோய்க்கூறு அறிஞர்

பாகிஸ்தானின் பஞ்சாப் மாநிலத்திலும் இதே சாவு நிகழ்ந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்ட்சே ஓக்ஸ் என்னும் கால்நடை நோய்க்கூறு அறிஞரும் அவர் குழுவினரும் அங்கு இறந்த பறவைகளை அறுத்துச் சோதித்தனர். பெரும்பாலானவற்றில் ஈரல், இதயம் முதலிய உறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படிவம் இருந்தது.

இந்த வெள்ளைப் பொருள் உங்களுக்குப் புதிதன்று. கோழி எச்சத்தில் ஒரு பகுதி வெள்ளையாக இருப்பதைத் தினமும் பார்க்கிறீர்கள். அது யூரிக் அமிலம். நமக்குச் சிறுநீரில் யூரியா வெளியேறுவது போலப் பறவைகளுக்குச் சிறுநீரகத்தின் வழியே யூரிக் அமிலம் வெளியேறுகிறது. சிறுநீரகம் பழுதுபட்டால் அது வெளியேற வழியின்றி இரத்தத்தில் தேங்கி, உறுப்புகளின் மேல் வெள்ளையாகப் படிந்துவிடும். ஆக, பாறுகள் சிறுநீரகம் கெட்டு இறந்தன என்பது தெளிவாயிற்று.

சிறுநீரகத்தைக் கெடுத்தது எது? வைரசு, பாக்டீரியா, பூச்சிக்கொல்லி, ஈயம் போன்ற உலோகங்கள் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தனர். எதுவும் பொருந்தவில்லை. பிறகு அவர்கள் செய்த வேலைதான் நான் மிகவும் போற்றுவது. ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து, கால்நடை மருத்துவர்களையும் மருந்துக் கடைக்காரர்களையும் தேடிப் போய், "இப்பகுதியில் மாடுகளுக்கு என்னென்ன மருந்து போடுகிறீர்கள்?" என்று கேட்டனர். பாறுகளின் உணவு செத்த மாடு. ஆகவே மாட்டுக்குள் போகும் பொருள் பாறுக்குள்ளும் போகும் என்பது அவர்கள் கணக்கு. சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியதும், பரவலாகப் பயன்பட்டு வந்ததுமான ஒரு மருந்து அந்தப் பட்டியலில் இருந்தது. அதுவே டைக்ளோபினாக் என்னும் வலி நிவாரணி.

இறந்த பறவைகளின் உறுப்புகளை மீண்டும் சோதித்தனர். சிறுநீரகம் கெட்டு இறந்த 25 பறவைகளிலும் டைக்ளோபினாக் இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13 பறவைகளில் ஒன்றில் கூட அது இல்லை. மருந்து கொடுத்த எருமை, ஆடு இவற்றின் இறைச்சியைச் சில பறவைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவையும் அதே முறையில் இறந்தன. 2004-ம் ஆண்டு இம்முடிவு வெளியாயிற்று.

ஒரு சந்தேகம்

இங்கே நீங்கள் ஒன்று கேட்கலாம். "செத்த மாடு எல்லாவற்றுக்கும் நாங்கள் ஊசியா போட்டோம்? எங்கோ ஒன்றிரண்டு மாட்டுக்குப் போட்டதால் இனமே அழியுமா?" நியாயமான கேள்வி. விஞ்ஞானிகளும் இதைக் கேட்டுக்கொண்டு கணக்கிட்டுப் பார்த்தார்கள். நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் கொல்லும் அளவு மருந்து இருந்தாலே இத்தனை அழிவும் நேரும் என்று விடை வந்தது.

எப்படி என்பதை ஒரு எளிய கணக்கால் விளக்குகிறேன். ஒரு பாறு மூன்று நாளைக்கு ஒருமுறை வயிறாரத் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 120 முறை. இருநூறு பிணங்களில் ஒன்று நஞ்சானது என்றால், ஒரு முறை தின்னும்போது ஆபத்து மிகச் சிறியது. ஆனால் 120 முறையும் தப்பவேண்டும். அவ்வாறு கணக்கிட்டால் ஆண்டு முடிவில் நூறு பறவைகளில் சுமார் 45 இறந்திருக்கும். மேலும் இவை தனியாகத் தின்னும் பறவைகள் அல்ல. ஒரு நஞ்சுப் பிணத்தில் கூட்டமாக இறங்கினால் கூட்டமே போய்விடும்.

இழப்பை ஈடுகட்டவும் இவற்றால் இயலாது. பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிடச் சுமார் ஐந்து ஆண்டுகள் ஆகும். எலியைப் போலவோ, கத்தரிச் செடியின் காய்ப்புழுவைப் போலவோ பெருகும் உயிரன்று. ஆகவே பயன்பாடு சிறிதாயிருந்தும் அழிவு பெரிதாயிற்று.

மருந்து மாட்டின் உடலில் நெடுநாள் தங்குவதில்லை. ஊசி போட்ட இரண்டு மூன்று நாட்களுக்குள் மாடு இறந்துவிட்டால்தான் பிணத்தில் ஆபத்தான அளவு இருக்கும். ஆனால் நாம் வலி ஊசி போடுவது எப்போது? மாடு எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்ட கடைசி நாட்களில்தானே!

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் கிழ எருது ஒன்று காலில் அடிபட்டுப் படுத்துவிட்டது. பத்து ஆண்டுகளுக்கு மேல் ஏர் இழுத்த மாடு. அப்பா மனம் பொறுக்காமல் ஆள் அழைத்துவந்து மூன்று நாள் தொடர்ந்து வலி ஊசி போடச் செய்தார். நான்காம் நாள் காலையில் மாடு இறந்துவிட்டது. ஏரிக்கரைப் புறம்போக்கில் இழுத்துப் போட்டோம். கழுகு வரவில்லை, நாய்கள்தான் வந்தன. ஒரு வாரம் அந்தப் பக்கம் போக முடியவில்லை. "முன்னெல்லாம் ஒரு பொழுதில் தீர்ந்துவிடும். இப்போது அந்தப் பட்சிகளையே காணோமே" என்று அப்பா சொன்னது நினைவிருக்கிறது. போட்ட ஊசியின் பெயர் என்ன என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

பாறு போனால் நமக்கு என்ன?

பறவை போனதால் மனிதனுக்கு என்ன நட்டம் என்பது அடுத்த கேள்வி. பிணம் அங்கேயே கிடக்கும். அதைத் தின்ன நாய் வரும், எலி வரும். உணவு மிகுந்தால் நாய்கள் பெருகும். நாய்கள் பெருகினால் நாய்க்கடியும் வெறிநோயும் பெருகும். மழை பெய்தால் அழுகல் நீர் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் இறங்கும். இது ஊகம் போலத் தோன்றினாலும் அளந்து பார்க்கக்கூடியதே.

2008-ம் ஆண்டு வெளியான ஒரு ஆய்வில், பாறுகள் குறைந்த காலத்தில் பெருகிய நாய்களையும் அவற்றின் கடியையும் கணக்கிட்டு, அதனால் இந்தியாவில் ஏறத்தாழ 48,000 பேர் கூடுதலாக வெறிநோயால் இறந்திருக்கக்கூடும் என்று மதிப்பிட்டனர்.

இதைவிட விரிவான ஆய்வு ஒன்று 2024-ம் ஆண்டு வெளியாயிற்று. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏயல் பிராங்க், வார்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அனந்த் சுதர்சன் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் செய்தது. அவர்கள் செய்த முறை நமக்குப் பழக்கமானதே. புதிய உரத்தைச் சோதிக்கும்போது உரம் இட்ட பாத்தி, இடாத பாத்தி என்று இரண்டு வைத்து ஒப்பிடுகிறோம் அல்லவா? அதுபோல இந்திய மாவட்டங்களை இரண்டாகப் பிரித்தனர். முன்பு பாறுகள் வாழ ஏற்றதாயிருந்த மாவட்டங்கள் ஒரு பக்கம். தொடக்கத்திலிருந்தே பாறுகளுக்கு ஏற்றதல்லாத மாவட்டங்கள் மறுபக்கம். 1994-ம் ஆண்டுவாக்கில்தான் டைக்ளோபினாக் பல நிறுவனங்களால் தயாரிக்கப்பட்டு விலை மலிந்து மாடுகளுக்குப் பரவலாகப் பயன்படத் தொடங்கியது. அதற்கு முன்னும் பின்னும் இரு வகை மாவட்டங்களிலும் மக்களின் இறப்பு விகிதம் எப்படி மாறியது என்று ஒப்பிட்டனர்.

மருந்து பரவுவதற்கு முன் இரண்டு பக்கமும் ஒரே போக்கில் இருந்தன. அதன்பின், பாறுகளை இழந்த மாவட்டங்களில் இறப்பு விகிதம் 4 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. பத்தாயிரம் பேர் வாழும் ஊர்களில் ஆண்டுக்குத் தொண்ணூறு பேர் இறப்பது வழக்கம் என்றால், கூடுதலாக நான்கு பேர் என்று கொள்ளலாம். கேட்கச் சிறிதாகத் தெரியும். நாடு முழுதுக்கும் கூட்டினால் 2000 முதல் 2005 வரை ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கூடுதலாக இறந்தனர் என்று வருகிறது. அந்த மாவட்டங்களில் வெறிநோய்த் தடுப்பூசி விற்பனை கூடியதையும், நீர்நிலைகள் மாசுபட்டதையும் அவர்கள் தனியாக எடுத்துக் காட்டியுள்ளனர்.

இது ஒவ்வொரு இறப்பையும் தலை எண்ணிச் சொன்ன கணக்கன்று; ஒப்பிட்டு மதிப்பிட்ட கணக்கு. எண் சற்றுக் கூடலாம், குறையலாம். இறப்பின் போக்கு மாறியது, அதுவும் பாறுகள் இருந்த மாவட்டங்களில் மாறியது என்பதே இதில் முக்கியம்.

நாய்க்கடி இன்றும் சிறிய செய்தியன்று. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 15 மாநிலங்களில் வீடு வீடாகச் சென்று 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் கணக்கெடுத்தனர். இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 91 லட்சம் பேர் விலங்குகளால் கடிபடுகின்றனர். நான்கில் மூன்று பங்கு நாய்க்கடி. வெறிநோயால் ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர் இறக்கின்றனர் என்பது அவர்கள் மதிப்பீடு. முந்தைய மதிப்பீடுகளைவிட இது குறைவு. தடுப்பூசி எங்கும் கிடைப்பதன் பலன் இது. ஆனால் நோய் முற்றிய பின் பிழைப்பார் அரிதிலும் அரிது என்பதால் ஒவ்வொரு சாவும் தடுத்திருக்கக்கூடிய சாவு.

அரசு செய்தது, நாம் செய்ய வேண்டியது

காரணம் தெரிந்தபின் மாற்று மருந்தும் தேடப்பட்டது. மெலாக்சிகாம் என்னும் வலி நிவாரணி மாட்டுக்கும் பயன் தருகிறது. பாறுகளுக்கும் தீங்கு செய்வதில்லை என்று 2006-ம் ஆண்டு நிறுவப்பட்டது. டால்பினாமிக் அமிலமும் தீங்கற்றது எனப் பின்னர் கண்டறியப்பட்டது. 2006-ம் ஆண்டு இந்திய அரசு கால்நடைகளுக்கான டைக்ளோபினாக்கைத் தடை செய்தது.

ஆனால் மனிதர்களுக்கான டைக்ளோபினாக் கடைகளில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. மனிதருக்கு அது பயனுள்ள மருந்து, குறை சொல்வதற்கில்லை. பெரிய குப்பிகளில் விற்றதால் அதையே மாட்டுக்கு வாங்கிப் போடும் வழக்கம் நீடித்தது. எனவே 2015-ம் ஆண்டு, ஒரு தடவைக்கு உரிய 3 மில்லி குப்பிக்கு மேல் விற்கக்கூடாது என்று ஆணை பிறந்தது. மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடர்ந்தபோது 2017-ம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் அந்த ஆணையை உறுதி செய்தது. இதேபோலத் தீங்கு செய்யும் கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் இரண்டும் 2023-ம் ஆண்டு கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை செய்யப்பட்டன. நிமிசுலைடும் 2024-ம் ஆண்டு இறுதியில் அப்பட்டியலில் சேர்ந்தது.

தென்னிந்தியாவில் பாறுகள் கணிசமாக எஞ்சியிருப்பது நம் மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் அதைச் சூழ்ந்த முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர், வயநாடு காடுகளிலும்தான். ஆற்றங்கரையின் நீர்மருத மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. 2023-ம் ஆண்டு இறுதியில் தமிழ்நாடு, கருநாடகம், கேரளம் மூன்றும் சேர்ந்து எண்ணியபோது கிடைத்தவை 320. மூன்று மாநிலத்துக்கும் அவ்வளவே. இவை உணவு தேடி ஒரே நாளில் பல கல் தொலைவு பறப்பவை. ஆகவே காட்டோர ஊர்களில் ஒருவர் போடும் ஒரு தவறான ஊசி இந்தக் கையளவு கூட்டத்தில் பாதியைக் கொண்டுபோகக் கூடும்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. நேபாளத்தில் பிதௌலி என்னும் ஊர் மக்கள் 2006-ம் ஆண்டு முதல், உழைத்து ஓய்ந்த கிழ மாடுகளைத் தீங்கான மருந்து கொடுக்காமல் பராமரித்து, அவை தாமாக இறந்தபின் பாறுகளுக்கு உணவாக வைக்கின்றனர். சுற்று வட்டாரங்களிலும் மருந்துக் கடைகளில் டைக்ளோபினாக் ஒழிக்கப்பட்டது. 2013-ம் ஆண்டுக்குப் பின் நேபாளத்தின் தாழ்நிலப் பகுதிகளில் பாறுகளின் எண்ணிக்கை உயரத் தொடங்கியிருக்கிறது. அங்குள்ளவர்களும் நம்மைப் போன்ற சிறு உழவர்களே.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்வன இவை:

1. மாட்டுக்கு எந்த ஊசி போட்டாலும் மருந்தின் பெயரைக் கேளுங்கள். குப்பியை வாங்கிப் படியுங்கள். டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், கீட்டோபுரோபென், நிமிசுலைடு என்றிருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மெலாக்சிகாம் கிடைக்குமா என்று கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

2. மனிதருக்கான வலி ஊசியைக் கடையில் வாங்கி, ஆள் வைத்து மாட்டுக்குப் போடாதீர்கள். இது சட்டப்படியும் குற்றம்; அளவு தவறினால் மாட்டுக்கும் கேடு.

3. சமவெளி ஊர்களில் பாறுகள் இல்லாத நிலையில் செத்த மாட்டைத் திறந்தவெளியில் போடுவது நாய்களை வளர்ப்பதாகும். கிணறு, வாய்க்கால், குளம் இவற்றுக்குத் தொலைவில் ஆறடி ஆழத்துக்குக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ஒருவரால் இயலாவிட்டால் ஊராட்சியில் கேட்டு ஊருக்குப் பொதுவாக ஓர் இடம் ஒதுக்கிக்கொள்ளலாம்.

4. மாடு திடீரென இறந்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருநிற இரத்தம் கசிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அதைத் தோலுரிக்கவோ அறுக்கவோ கூடாது. உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

5. காட்டோரத்தில் வாழ்வோர், மாட்டைச் சிறுத்தையோ புலியோ அடித்துவிட்ட கோபத்தில் பிணத்தில் பூச்சிமருந்து தடவி வைக்காதீர்கள். சிறுத்தை வருமோ வராதோ, பாறுகள் நிச்சயம் வரும். இழப்பை வனத்துறைக்குத் தெரிவித்து ஈட்டுத்தொகை கேளுங்கள்.

6. நாய் கடித்தால் உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள், பச்சிலை எதுவும் வைக்கவேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் சொல்லும் எல்லா நாட்களிலும் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். கடி சிறிது என்று விடாதீர்கள். குழந்தைகள் கடிபட்டதை மறைப்பார்கள், கேட்டு அறியுங்கள். மாட்டையோ ஆட்டையோ நாய் கடித்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

முடிவாக

மருந்தைக் கண்டுபிடித்தவரும், விற்றவரும், வாங்கிப் போட்டவரும் யாரும் பாறை நினைக்கவில்லை. மாட்டின் வலி தீருமா என்பது மட்டுமே கேட்கப்பட்டது. மாட்டுக்குப் பின் அந்த மருந்து எங்கே போகும் என்பது கேட்கப்படவில்லை. இதே கேள்வியை நம் வயலிலும் கேட்கவேண்டும் என்பதால்தான் உழவியல் படித்த நான் இதைப் பேச வந்தேன். பூச்சிமருந்து தெளிக்கும்போது புழு சாகுமா என்று கேட்கிறோம். அந்தப் புழுவைத் தின்னும் சிலந்திக்கும் பொறிவண்டுக்கும் குருவிக்கும் என்ன ஆகும் என்று கேட்பதில்லை. அவை போனபின் நாமே கூலி கொடுத்து அந்த வேலையைச் செய்யவேண்டியிருக்கிறது.

வலியில் துடிக்கும் மாட்டைக் கண்டு இரங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இரங்குங்கள், வலி ஊசியும் போடச் சொல்லுங்கள். அதற்கு முன் குப்பியை ஒருமுறை கையில் வாங்கிப் பெயரைப் படித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் செய்யாமல் விட்டது அதுதான். இன்று வீடு திரும்பியதும் உங்கள் தொழுவத்திலோ அலமாரியிலோ பழைய குப்பி ஏதாவது கிடந்தால் எடுத்துப் பாருங்கள். மேலே சொன்ன பெயர்களில் ஒன்று இருந்தால் கால்நடை மருந்தகத்தில் காட்டி, அதற்குப் பதில் எது என்று கேட்டு வாருங்கள். ஐயம் இருந்தால் எழுதுங்கள், விடை தருகிறோம்.